ராசா இல்லாத பாடம்

எங்கள் அலுவலகச் சுவரில் டி.வி. மாட்டிய வருடம் அது. அந்த டி.வி.யில் படம் ஓடாது, பாட்டு ஓடாது. ஒரு எண் மட்டும் ஓடும். எங்கள் இணையதளத்தை அந்த நிமிடத்தில் எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்ற எண். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. டீ குடிக்கும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தோம். எண் ஏறினால் வடை வரும். இறங்கினால் யாருடைய தலையாவது உருளும்.

சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் தமிழில் வரலாற்றுப் பாடங்களை இலவசமாகப் போடுகிற தளம். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. வெளிநாட்டில் இருக்கிற சில நல்ல மனிதர்கள் சேர்ந்து வைத்திருந்த அறக்கட்டளை எங்களுக்குச் சம்பளம் அனுப்பியது. எம்.ஏ. வரலாறு முடித்த சூட்டில் நான் அங்கே சேர்ந்தபோது, அப்பா தன் மளிகைக் கடையில் மல்லியை நிறுத்துக்கொண்டே கேட்டார்: "லாபமே வேண்டாங்கிற கம்பெனி வளந்து என்னட்டி ஆவப்போவுது?" நான் படபடவென்று ஏதோ பெரிய பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர் மல்லியை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

நாங்கள் நான்கே பேர். தளத்தைத் தொடங்கியவரை எல்லோரும் அண்ணாச்சி என்றோம். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். படங்களும் வரைபடங்களும் போடுவதற்கு ஒரு அக்கா. பாடம் எழுதுவதற்கு ஒரு அண்ணன். பாடத்துக்குக் கீழே வினாடி வினா அமைப்பதும், வாசகர்கள் எழுதுகிற கருத்துகளைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இந்த அண்ணனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அவர் ராயகிரிப் பக்கத்து ஊர்க்காரர். அரசுத் தேர்வு எழுதி எழுதியே வயது வரம்பைத் தாண்டியவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு வரி எழுதினால் அதற்கு ஆதாரம் எங்கே என்று தன்னையே கேட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருப்பார். இந்தக் குணத்துக்காக அவரை நாங்கள் மதித்தோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அதை வைத்துத்தான் அவரைக் கிண்டல் பண்ணினோம். "அண்ணே, நீங்க காலையில இட்லி சாப்பிட்டதுக்கு ஆதாரம் என்ன?" என்று நான் கேட்டால் அவரும் யோசிப்பார்.

அந்த வருடத்தின் தொடக்கத்தில் அறக்கட்டளைக்காரர்கள் வளர்ச்சி வேண்டும் என்றார்கள். வாசகர் எண்ணிக்கை கூடினால் உதவி தொடரும், இல்லாவிட்டால் யோசிப்போம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அண்ணாச்சியின் அப்பா பஜாரில் ரெடிமேட் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் ஒரு வழக்கம்: மாதக் கடைசியில் எந்தச் சட்டை ஒன்றுகூட விற்கவில்லையோ அது ரேக்கை விட்டு இறங்கி மூட்டைக்குள் போய்விடும். அண்ணாச்சி அதை அப்படியே தளத்துக்குக் கொண்டுவந்தார். மாதம் பிறந்ததும், போன மாதம் மிகக் குறைவாகப் படிக்கப்பட்ட பாடத்தைக் கணினி தானாகவே நீக்கிவிடும். அதற்குப் பெயர் கழிவு.

"ஓடாத சரக்க ரேக்ல வச்சிருந்தா, ஓடுத சரக்கும் ஓடாது மக்கா. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சது எந்தக் காலேஜ்லயும் சொல்லித்தர மாட்டான்" என்றார்.

முதலில் எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. நிலவரித் திட்டம் பற்றிய பாடம் போயிற்று. பஞ்சம் பற்றிய பாடம் போயிற்று. அச்சுக்கூடம் வந்த கதை போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் அக்கா கணினிக்கு முன்னால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பாள். மேலே ஏறி நின்றவையெல்லாம் ராஜாக்கள். 'பட்டத்துக்காக அண்ணனைக் கொன்றவர்', 'யார் வாள் பெரிய வாள்?' என்று அண்ணாச்சி தலைப்புப் போடுவார். தென்காசியிலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் பையன்கள் வந்து, கீழே கருத்துப் பகுதியில் எங்க ராசா, உங்க ராசா என்று ஒருவர் வீட்டுப் பெண்களை ஒருவர் திட்டுவார்கள். நான் அழித்துக்கொண்டே இருப்பேன். "மொத்தமா அழிச்சிராத ஏட்டி. திட்டு வாங்குனவன் பதில் போட வருவாம்லா. அவனும் ஒரு நம்பர்தான்" என்பார் அண்ணாச்சி. உண்மைதான். பச்சை எண் ஏறியது. வடை வந்தது.

அண்ணன் எழுதிய பாடங்களில் அவருக்கென்று ஒன்று இருந்தது. மற்றதெல்லாம் பாடத்திட்டத்துக்காக எழுதியவை, பெயர் போடாதவை. இது ஒன்றில்தான் கீழே அவர் பெயர் இருந்தது. அவருடைய ஊர்க் குளத்தின் வரலாறு. மேற்கே மலையில் பெய்கிற மழை எந்த ஓடை வழியாகக் குளத்துக்கு வருகிறது, குளத்தின் நான்கு மடைகளில் எது எப்போது திறக்கும், முதல் தண்ணீர் யார் வயலுக்கு, அந்த முறையை யார் எப்போது மாற்றினார்கள், மாற்றியதால் எந்தத் தெரு அப்படியே ஊரை விட்டுக் கிளம்பிப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். மடைக் கல்லில் இருந்த எழுத்தைப் படிக்க மூன்று கோடை காத்திருந்தார். தண்ணீர் வற்றினால்தான் அந்தக் கல் தெரியும்.

அதை முதலில் படித்தபோது அண்ணாச்சி கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ராசா எங்கலே?"

"ராசா இல்ல அண்ணாச்சி."

"யுத்தம்?"

"யுத்தமும் இல்ல."

"சரி, ஒரு கொலையாவது?"

அண்ணன் யோசித்தார். "தண்ணித் தகராறுல மம்பட்டியால அடிச்சிக்கிட்டாங்க. ஒருத்தர் செத்திருக்காரு. ஆதாரம் இருக்கு."

"அட கோட்டிக்காரா! அத மேல தூக்கிப் போடுலே. கடைசிப் பத்தியில கொண்டு போயி பொதச்சி வச்சிருக்க."

அண்ணன் மேலே தூக்கிப் போடவில்லை. வரிசைப்படி அது கடைசியில்தான் வரும் என்றார். பாடம் ஓடவில்லை. கழிவுக்கு மேலே ஒரு படி, இரண்டு படி என்று ஒவ்வொரு மாதமும் தப்பித்துக்கொண்டே வந்தது. "ஒம் பாடத்த ஒங்க அம்மையும் ஒங்க வீட்டு எருமையும்தாம்லே படிக்கி. அதுல எருமதான் கடைசி வரைக்கும் படிக்கி" என்பார் அண்ணாச்சி. நாங்கள் சிரிப்போம். அண்ணனும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அப்படி இருந்தபோதுதான் அவருக்கு வாசுதேவநல்லூரில் பெண் அமைந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண் வீட்டில் கேட்டபோது, இவர் வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல கத எழுதுதான்" என்று இவருடைய அக்காள் புருஷன் சொல்லி, காரியமே கெட இருந்தது. பெண்ணின் தாய்மாமன் உரக்கடை வைத்திருப்பவர், விவரமானவர். மாப்பிள்ளையின் பெயரைத் தன் போனில் தட்டிப் பார்த்தார். அந்தப் பெயருக்கு உலகத்தில் வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் குளத்துப் பாடம். அதைப் பார்த்ததும் மாமனுக்குப் பெருமை தாங்கவில்லை. உரம் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். "மாப்ள புத்தகம் எழுதுத ஆளு" என்று ஊரெல்லாம் ஆகிவிட்டது. பெண் அதை உட்கார்ந்து படித்தே விட்டாள். போனில் இவரிடம் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். மறுநாள் அலுவலகத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"மூணாவது மட மட்டும் ஏன் மத்தத விட மேடா இருக்குன்னு கேக்கா" என்றார்.

அக்கா தலையில் கை வைத்தாள். "வெளங்குன மாதிரிதான். கல்யாணம் முடிஞ்சி ரெண்டு பேரும் கொளத்துக்குள்ளயே குடியிருங்க."

ஆக, அந்தப் பாடம் நிற்க வேண்டும். நிச்சயதாம்பூலம் வரைக்குமாவது நிற்க வேண்டும். அது வைகாசியில், இங்கிலீஷ் மாதம் பிறக்கிற அன்றைக்கே முகூர்த்தமாக அமைந்துவிட்டது. கழிவு நடக்கிற அதே நாள். அண்ணன் போய் அண்ணாச்சி முன்னால் நின்றார்.

"இந்த ஒரு மாசம் மட்டும் கழிவ நிறுத்தி வைங்க அண்ணாச்சி. பொண்ணு வீட்ல எல்லாருமே அதத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"எங்கப்பா தனக்குப் பிடிச்ச சட்டைன்னு ஒண்ண ரேக்ல வச்சதே இல்லலே."

"கெஞ்சிக் கேக்கேன்."

"கெஞ்சாத. ஓட்டு. ஆளக் கொண்டுவா. படிக்க ஆளு இருந்தா கணினி ஏன் தொடப்போவுது? நானா கழிக்கேன்? அது பாட்டுக்குக் கழிக்கி."

ஆளைக் கொண்டுவா என்றால் எங்கள் பக்கத்தில் ஆளைக் கொண்டுவருகிற முறை ஒன்றுதான். நிச்சயத்துக்கு முன்னால், அந்த மாதத்திலேயே அவருடைய ஊரில் அம்மன் கோயில் கொடை விழா. அக்காவையும் என்னையும் அழைத்திருந்தார். பந்தலில் ஒரு பக்கம் பொங்கல் பானைகள், ஒரு பக்கம் மேளம், மேலே மைக்செட். அண்ணனின் சித்தப்பாதான் மைக் பிடித்திருந்தார். மதியக் கொடை முடிந்து கூட்டம் அப்படியே நிற்கிற நேரம் பார்த்து அறிவித்தார்:

"விழாக் கமிட்டியார் சார்பாகக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நம்ம ஊர்க் கொளத்தப் பத்தி நம்ம பிள்ளை எழுதிய பாடத்தை, செல்போன் வைத்திருக்கும் தாய்மார்களும் பெரியோர்களும் வாலிபர்களும் இப்பவே தொறந்து நம்பர் ஏத்திக் குடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம். லிங்க் குரூப்ல கெடக்கு. தொறந்தவுக அப்படியே விட்டுராதிய, ஒரு தடவ மூடி இன்னொரு தடவ தொறந்தா ரெண்டு நம்பரு. பச்சக் கலர் பைக் ஒண்ணு பொங்கப் பானைக்கு வழிய மறிச்சி நிக்கி, அதை உடனே எடுக்கவும்."

ஊரே குனிந்து போனைத் தட்டியது. பால் குடம் எடுத்தவர்கள் ஒரு கையால் தட்டினார்கள். கண் தெரியாத ஒரு பெரியவர் பேரனிடம் போனைக் கொடுத்து, "எனக்கும் ஒண்ணு போடுலே" என்றார். திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். ஒருவரும் ஒரு வரி படிக்கவில்லை. படிக்கச் சொல்லி மைக்கில் வரவும் இல்லை. அதற்குள் அண்ணாச்சி எனக்கு போன் அடித்தார். டி.வி.க்கு முன்னால் நின்று கத்துகிறார்: "ஏட்டி, என்னமோ நடக்கு! நம்பரு பறக்கு!"

நான் போனை அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அவரை அப்படி ஒரு சிரிப்போடு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முன்பு எப்போதோ யாரோ விஷமிகள் தளத்தை முடக்கப் பார்த்தபோது, அண்ணாச்சி ஒரு காவல் வைத்திருந்தார். ஒரே இடத்திலிருந்து ஒரே சமயத்தில் கும்பலாக வந்து, படிக்காமல் ஓடிப்போகிற க்ளிக்குகளை அது கள்ளக் கணக்கு என்று முத்திரை குத்தும். டி.வி.யில் காட்டும்போது கழிக்காது. மாதக் கடைசியில் மொத்தக் கணக்குப் போடும்போதுதான் கழிக்கும். அதுவும் கும்பலை மட்டும் கழிக்காது. அந்தப் பாடத்தின் மேலேயே சந்தேகம் விழுந்து, அந்த வட்டாரத்திலிருந்து அந்த மாதம் வந்த எல்லாவற்றையும் கழித்துவிடும். வாசுதேவநல்லூரில் ஒரு பெண் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தாளே, அதுவும் சேர்ந்தே கழிந்தது.

நிச்சயத்துக்கு அண்ணாச்சி, அக்கா, நான் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். வாசுதேவநல்லூரில் சின்ன மண்டபம். மேடையில் பெரிய எல்.இ.டி. திரை, அதில் மாப்பிள்ளை படமும் பெண் படமும் மாறி மாறி வந்தன. அண்ணாச்சி பட்டு வேட்டியில் வந்திருந்தார். முதலாளி வந்துவிட்டார் என்று அண்ணன் அவரை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். தட்டு மாற்றுவதற்குச் சற்று முன், தாய்மாமன் மைக்கை வாங்கினார். தன் போனைத் திரையோடு இணைக்கச் சொன்னார்.

"நம்ம மாப்ள எழுதுன பாடம். கவர்மெண்ட் பரிட்சைக்குப் படிக்கிற பிள்ளைய எல்லாம் இதத்தான் படிக்கி. எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டினார்.

திரையில் வந்தது: 'இந்தப் பாடம் நீக்கப்பட்டுள்ளது. அதிகம் படிக்கப்படும் பாடங்களைக் காண்க.' அதற்குக் கீழே இரண்டு வாள்களின் படம். 'யார் வாள் பெரிய வாள்?'

மாமன் சிரித்துக்கொண்டே மறுபடி தட்டினார். மறுபடியும் வாள்.

"என்ன மாப்ள, டவர் கெடைக்கலையா?"

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "நீக்கப்பட்டுள்ளதுன்னா என்ன வே?" இன்னொரு குரல்: "டிஸ்மிஸ் பண்ணிட்டாம்னு அர்த்தம்." நாற்காலிகள் சிரித்தன. ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தான். மாமன் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் திரை ஒருமுறை வெளுத்து, மறுபடி அதே வாளைக் கொண்டுவந்து நிறுத்தியது.

மாமன் மைக்கை இறக்காமலே அண்ணாச்சியிடம் கேட்டார். "நீருதான முதலாளி? நீரு சொல்லும் வே. எங்க மாப்ள பாடம் எங்க?"

அண்ணாச்சி தன் போனை எடுத்து நிதானமாகப் பார்த்தார். அவரிடம் பொய் சொல்கிற பழக்கமே கிடையாது. அதுதான் அன்றைக்குக் கெடுதலாகப் போயிற்று. "கள்ளக் கணக்குன்னு கழிச்சிருக்கு. வந்த ஆளுங்க யாரும் படிக்கல. சும்மா தொறந்து மூடியிருக்காங்க. அதான் சிஸ்டம் தூக்கிட்டு" என்றார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அப்ப எங்க வீட்டு ஆளுங்க பாத்ததும் கள்ளக் கணக்கா?"

"சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கிடும்."

"அண்ணாச்சி, இப்ப மட்டும் ஏத்திருங்க. அஞ்சு நிமிசம் போதும்" என்றார் அண்ணன். பாடங்களை ஏற்றி இறக்குகிற சாவி அண்ணாச்சி ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னார்: "இங்கன நின்னு ஒனக்கு ஏத்துனா, நாளைக்கி எவன் கேட்டாலும் ஏத்தணும் மக்கா. ரூலுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அக்கா அவர் கையைக் கிள்ளினாள். அவர் ஏன் கிள்ளுகிறாய் என்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பெண் மேடையில் தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள், அவள் மட்டும் திரையைப் பார்த்தாள். பிறகு யாரோ அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். தட்டு மாற்றவில்லை. இன்னொரு நல்ல நாள் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். சமைத்த சாப்பாட்டை என்ன செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பாயசம் நன்றாக இருந்ததாக அண்ணாச்சி பந்தியிலேயே சொன்னார். இன்னொரு நல்ல நாள் வரவில்லை. "நெட்ல இருந்தே தள்ளிட்டானுவ. நாளைக்கி வீட்ல இருந்து தள்ளுனா யாரு பொறுப்பு?" என்று மாமன் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தப் பையன் எடுத்த வீடியோ அதற்குள் குரூப் குரூப்பாகப் போய்விட்டது. யாரோ அதற்குப் பின்னணி இசைகூடச் சேர்த்திருந்தார்கள். 'நீக்கப்பட்ட மாப்பிள்ளை' என்று பெயர். ஜனங்கள் அந்தப் பாடத்தைத் தேடிக்கொண்டு வந்தார்கள். வந்து, இல்லை என்று பார்த்து, அதையும் படம் எடுத்துப் போட்டார்கள். டி.வி. எண் கொடையன்று பறந்ததைவிட உயரப் பறந்தது. இந்தத் தடவை ஒரே ஊரிலிருந்து வரவில்லை. எல்லா ஊரிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்தார்கள். கள்ளக் கணக்கு என்று ஒன்றைக்கூடக் கணினி கழிக்கவில்லை. அண்ணாச்சி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து பாடத்தை மறுபடி ஏற்றினார்.

"தேடி வாரவன வெறுங்கையா அனுப்பக் கூடாதுல்லா" என்றார்.

அந்த மாதம் குளத்துப் பாடம்தான் முதலிடம். அடுத்த மாதமும் அதுதான். ராஜாக்களெல்லாம் கீழே போனார்கள். அறக்கட்டளைக்காரர்கள் கணினித் திரையில் கூடி எங்களோடு பேசியபோது, உள்ளூர் நீர்நிலைகளைப் பற்றிய ஒரு பாடத்துக்கு இத்தனை வரவேற்பா என்று ஒரு அம்மா கண் கலங்கினார். எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சி காமிராவை அண்ணன் பக்கம் திருப்பினார். அண்ணன் கும்பிட்டார். உதவி இன்னும் கூடியது. அலுவலகத்துக்கு ஏ.சி. வந்தது.

ஆமாம், அண்ணன் வேலையை விடவில்லை. எங்கே போவார்? கீழே செருப்புக் கடைக்காரர் அவர் படி ஏறும்போதெல்லாம், "என்ன மாப்ள, இன்னிக்கி இருக்கீரா, நீக்கிட்டானுவளா?" என்று கேட்பார். இவர் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறுவார். ஒருநாள் அண்ணாச்சியிடம் போய், அந்தப் பாடத்தை எடுத்துவிடச் சொன்னார்.

"எதுக்குலே?"

"கீழ எழுதுததெல்லாம் எங்கம்மா பாக்காங்க அண்ணாச்சி. அவங்களுக்கு இப்பத்தான் போன்ல படிக்கத் தெரிஞ்சிருக்கு."

"ஓடுத சரக்க எவனாவது எறக்குவானா?"

"பேரையாவது எடுத்திருங்க."

"பேரத் தேடித்தாம்லே வாரானுவ!" அண்ணாச்சி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "ஒனக்காவ நான் சந்தோசப்படுதேன். நீ என்னடான்னா இப்படிப் பேசுத."

எங்களிடம் கழிவைத் தவிர இன்னொரு விதி இருந்தது. ஒரு பாடத்தில் தவறு இருப்பதாக வாசகர் யாராவது சுட்டிக்காட்டி, அது தவறுதான் என்று தெரிந்தால், பாடம் அன்றைக்கே இறங்கிவிடும். எழுதியவர் திருத்திக் கொடுத்தால்தான் மறுபடி ஏறும். இவர் திருத்திக் கொடுக்காமல் இருந்துவிட்டால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அண்ணன் இதைத்தான் பிடித்தார். பாடத்தின் வரிகளைத் திருத்துகிற உரிமை மட்டும் எழுதியவருக்கு இருந்தது. தன் பாடத்தைத் திறந்து, எந்த வரிக்கும் ஆதாரம் கேட்கிற அந்த மனிதர், தன் கையாலேயே ஒரு பொய்யை எழுதினார். ஓடை மேற்கே மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே வருகிறது என்று இருந்ததை, கிழக்கிலிருந்து கிளம்பி மேற்கே மலைக்குப் போகிறது என்று மாற்றினார். எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சிரிக்கும். தண்ணீர் மலை ஏறுமா?

மாற்றியதை எனக்கு மட்டும் காட்டினார். "ஒருநாள் தாங்காது, பாரு" என்றார்.

ஒருநாள் தாங்கியது. ஒரு வாரம் தாங்கியது. நாள்தோறும் அத்தனை பேர் வந்தார்கள். 'மாப்ள பாவம்' என்று எழுதினார்கள். 'மூஞ்சியப் பாத்தாலே தெரியுது' என்று எழுதினார்கள். சிரித்து உருளுகிற பொம்மைகளைப் போட்டார்கள். தண்ணீர் மலை ஏறுவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. காலையில் வந்ததும் அண்ணன் என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தக் கருத்துகளை ஒன்று விடாமல் படிப்பார். தன்னைத் திட்டுவதையெல்லாம் கடந்து கடந்து போவார். முதலில், தப்பைக் கண்டுபிடித்த ஆளைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் எழுத்துகளைவிடப் பெயர்களைப் பார்க்கிறார் என்று புரிந்தது. மூன்றாவது மடையைப் பற்றிக் கேட்டவள் இதைத் திறந்தால் விடமாட்டாள் அல்லவா.

"நானே வேற பேர்ல தப்புன்னு எழுதிப் போட்டிரட்டுமாண்ணே?" என்று கேட்டேன். நான் எப்போதும் அப்படித்தான், பொறுக்காது.

"வேண்டாம். படிச்சவங்க சொல்லணும்."

அக்காதான் ஒருநாள் தாங்கமாட்டாமல் போட்டு உடைத்தாள். "யாரத் தேடுதீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. அந்தப் பிள்ளைக்கு ஆவணியில கல்யாணம் முடிஞ்சிட்டு. மாப்ள திருப்பூர்ல பனியன் கம்பெனி."

அண்ணன் சரி என்றார். நாற்காலியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பாடத்தை அப்படியே விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடங்கள் காலாண்டுத் தேர்வுக்கு எங்கள் வினாடி வினாக்களைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்த சமயம் அது. வளர்ச்சிதான். பிள்ளைகளின் விடைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது குளத்துப் பாடத்தின் முதல் கேள்வி என் கண்ணில் பட்டது. ஓடை எந்தத் திசையில் பாய்கிறது? பாடத்தில் உள்ளதை வைத்துக் கணினியே விடையைத் திருத்திக்கொள்ளும்படி அண்ணாச்சி அமைத்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக 'மேற்கு' என்று தட்டியிருந்தார்கள். வரிசையாக மதிப்பெண். இடையில் சிவகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மட்டும் 'கிழக்கு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஓடையையே தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளாக இருக்கும். அவர்களுக்கெல்லாம் தவறு என்று சிவப்புக் குறி.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சிவப்புக் குறிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இந்தப் பிள்ளையளுக்கு மார்க்கத் திரும்பக் குடுக்க முடியுமா?"

"முடியாதுண்ணே. பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு."

அன்றைக்கே ஓடையை மறுபடி கிழக்கே திருப்பினார். பாடம் இறங்கவில்லை, ஏனென்றால் தப்பு என்று யாரும் சொல்லவில்லையே. அதோடு விடவும் அவரால் முடியவில்லை. கடைசிப் பத்திக்குக் கீழே, ஆதாரங்களின் பட்டியலுக்கும் கீழே, ஒரு குறிப்புச் சேர்த்தார். இந்தப் பாடத்தில் சில வாரங்கள் ஓடையின் திசை தவறாக இருந்தது, தவறு எழுதியவருடையது, சரியாக விடை எழுதிய மாணவர்கள் மன்னிக்க வேண்டும் என்று எழுதி, மறுபடியும் தன் பெயரைப் போட்டார்.

"இத எதுக்குலே போட்ட? எவன் அதுவரைக்கும் வரப்போறான்?" என்றார் அண்ணாச்சி. எண் இறங்கவில்லை என்பதால் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நான்தான் முதலில் அதைப் பார்த்தேன். அழிப்பதற்குள் அண்ணன் பின்னால் வந்து நின்றுவிட்டார். யாரென்று தெரியாத ஒருவன், பெயருக்குப் பதிலாகச் சிங்கம் படம் வைத்திருந்தவன், எழுதியிருந்தான்: 'ஓடை எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான். அந்தப் பொண்ணு தப்பிச்சிது.'

நான் அவசரமாக அழிக்கப் போனேன். அண்ணன் என் கையைத் தடுத்தார். குனிந்து அதை இன்னொரு முறை படித்தார்.

"அழிக்காத. இவன் கடைசி வரைக்கும் படிச்சிருக்கான், பாத்தியா" என்றார்.